கள்ளிமந்தாரை: ஒடித்த கிளையில் வந்த மணம்

காற்றில் முறிந்து விழுந்த கிளை ஒன்றை யாரோ மதிலோரம் ஒதுக்கிப் போட்டிருப்பார்கள். அதற்கு வேர் கிடையாது, மண் கிடையாது, தண்ணீர் ஊற்ற ஆளும் கிடையாது. சில வாரம் கழித்து, வெயில் ஏறத் தொடங்கும் மாசி பங்குனியில், அதன் நுனியில் ஒரு பூங்கொத்து தலை நீட்டும். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், அந்தி சாய்ந்ததும் தெருவரை வரும் மணம். முருங்கையும் பூவரசும் கிளுவையும்கூடப் போத்து வைத்தால் துளிர்க்கும்தான். ஆனால் மண்ணையே தொடாமல் பூத்துவிடும் மரங்கள் மிகக் குறைவு. கள்ளிமந்தாரைக்கு இது வழக்கமான காரியம்.

இந்த ஒரு பழக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால் மரத்தை வளர்ப்பதற்கான பாடம் முழுவதும் கிடைத்துவிடும். அது எந்த நாட்டிலிருந்து வந்தது, எப்படி உலகம் சுற்றியது, ஏன் இங்கே அபூர்வமாகத்தான் காய்க்கிறது, எந்த நோய் அதைத் தேடி வருகிறது என்பதெல்லாம் அந்த ஒடிந்த கிளையோடு தொடர்புடையவை.

கிளையைக் குறுக்கே நறுக்கினால் முதலில் பால் வடியும். அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே வைரம் பாய்ந்த கட்டை இருக்காது. தடித்த பட்டை, அதன் உள்ளே மெல்லிய மர வளையம், நடுவில் ஈரமான சோறு. தண்ணீரையும் மாவுச்சத்தையும் மரம் தன் கிளைகளிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. வேர் எதையும் அனுப்பாத மாதங்களில் இந்தச் சேமிப்பைக் கொண்டே மொட்டு விடுகிறது. ஒடிந்து விழுந்த கிளையிலும் அந்தச் சேமிப்பு அப்படியே இருப்பதால், மரத்திலிருந்து பிரிந்துவிட்டது அதற்கு உடனே உறைப்பதில்லை.

இப்படிச் சேர்த்து வைக்கும் பழக்கம் பிறந்த மண்ணில் வந்தது. தாவரவியலில் இதன் பெயர் புளூமேரியா. மெக்சிகோவிலிருந்து மத்திய அமெரிக்கா வழியாகத் தென் அமெரிக்காவின் வடமுனை வரையிலும், கரிபியத் தீவுகளிலும் இயற்கையாக வளரும் இனம். பெரும்பாலும் பாறைச் சரிவு, சுண்ணாம்புக் குன்று, ஆண்டில் பாதி நாள் மழையே பெய்யாத இலையுதிர் காடு என்று மண் குறைந்த இடங்கள்தாம் அதன் வீடு. கோஸ்டா ரிகாவின் வடமேற்கிலுள்ள குவானகாஸ்தே பகுதியில் ஏறத்தாழ மே முதல் நவம்பர் வரை மழை. அதன்பின் நான்கைந்து மாதம் வானம் வறண்டே கிடக்கும். அங்கே மரங்கள் எப்போது இலை உதிர்க்கின்றன, எப்போது பூக்கின்றன என்று ரோல்ஃப் போர்ஷெர்ட் என்ற தாவரவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தண்டில் நீர் தேக்கும் மென்மரங்களால், மழைக்குக் காத்திராமல் வறட்சியின் நடுவிலேயே பூக்கவோ துளிர்க்கவோ முடிகிறது என்பதை அவருடைய 1994ஆம் ஆண்டு ஆய்வு விளக்கியது. கள்ளிமந்தாரையின் தடித்த கிளைகளும் அந்த வகைக் காட்டுக்கென்றே அமைந்தவை.

புளூமேரியா என்ற பெயர் சார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவியின் நினைவாக வந்தது. 1646இல் பிறந்த அவர், 1689 தொடங்கி மூன்று முறை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறி, அங்கே கண்ட செடிகளையெல்லாம் வரைந்து தள்ளினார். பிறருடைய பெயரைச் செடிகளுக்குச் சூட்டுவதில் அவருக்கு அலாதி ஆசை. மக்னோலியா, லோபீலியா, ஃபியூஷியா ஆகிய பெயர்கள் அவர் வைத்தவை. நான்காவது பயணத்துக்காகக் காத்திருந்தபோது 1704இல் ஸ்பெயினின் ஒரு துறைமுக நகரில் இறந்துபோனார்.

குடும்பம் என்று பார்த்தால் கள்ளிமந்தாரைக்கு நம் ஊரில் சொந்தக்காரர்கள் ஏராளம். அரளி, நந்தியாவட்டை, நித்திய கல்யாணி, எருக்கு, ஏழிலைப்பாலை எல்லாமே இதே அப்போசைனேசி குடும்பம். ஒடித்தால் பால் வருவது இவற்றில் பலவற்றுக்கும் பொது. பழைய அகராதிகளில் ஈழத்தலரி என்ற பெயர் இருக்கிறது. சில ஊர்களில் பெருங்கள்ளி என்பார்கள். கள்ளி என்ற சொல் பெயரில் ஒட்டிக்கொண்டாலும் கள்ளிக் குடும்பத்துக்கும் இதற்கும் உறவில்லை.

நாற்றுப்பண்ணைக்குப் போகிறவர்கள் இதில் மூன்று இனங்களைப் பிரித்தறிந்தால் ஏமாற வேண்டியதில்லை. இலை நுனி கூர்மையாக இருந்து, குளிர்காலத்தில் மொத்தமாக உதிர்ந்தால் அது ரூப்ரா. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு என்று பல நிறங்களில் பூப்பது இதுதான். இலை நுனி மழுங்கி, கரும்பச்சையாகப் பளபளத்து, ஆண்டு முழுவதும் ஓரளவு இலையோடு நின்றால் அது ஒப்டூசா. இலை கரண்டி வடிவத்தில் இருந்து, பெரிய வெள்ளைக் கொத்தாகப் பூத்தால் அது பனாமா, கொலம்பியா, வெனிசுவேலா பகுதியின் பூடிகா. அண்மைக் காலத்தில் அடுக்ககங்களின் முகப்பிலும் சாலை நடுத்திட்டிலும் வரிசையாக நடுவது இந்தப் பூடிகாவைத்தான். வேகமாக வளரும், இலை கொட்டிக் குப்பை போடாது, பூவும் நிறைய. ஆனால் மணம் கிட்டத்தட்ட இல்லை. வாசத்துக்காக மரம் வைக்க நினைப்பவர் பூவை முகர்ந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். கள்ளிமந்தாரையைக் கொல்வது பெரும்பாலும் அன்புதான். தினமும் மறக்காமல் ஊற்றும் அன்பு. இலை இருக்கும் காலத்தில் அது நன்றாகவே குடிக்கும். கோடையில் தொட்டியில் உள்ள செடிக்கு மேல்மண் காய்ந்ததும் தாராளமாக ஊற்றலாம். இலை உதிர்ந்து மொட்டைக் கிளையாக நிற்கும்போதுதான் கை நிற்க வேண்டும். இலை இல்லாத மரம் நீரை உறிஞ்சி வெளியே விடுவது மிகக் குறைவு. ஊற்றிய தண்ணீர் வேரைச் சுற்றியே தேங்கி, மண்ணில் காற்று இல்லாமல் செய்து, வேரழுகலைக் கொண்டுவரும். அழுகல் அடியிலிருந்து மேலே ஏறும். தண்டை அழுத்திப் பார்த்தால் மெத்தென்று அமுங்கும், வெட்டினால் உள்ளே பழுப்பாக இருக்கும். அந்த நிலையில் செய்யக்கூடியது ஒன்றுதான். நல்ல வெள்ளைச் சதை தெரியும் வரை மேலே மேலே வெட்டிக்கொண்டு போய், மிஞ்சிய கிளையைப் போத்தாகக் காப்பாற்றுவது.

இதில் தமிழகக் கரையோரத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. மரத்தின் பிறந்த காட்டில் மழை முடிந்த பிறகுதான் உறக்க காலம் தொடங்குகிறது. சென்னையிலும் கடலூரிலும் நாகையிலும், யாழ்ப்பாணத்திலும், பெருமழை கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில். மரம் இலையை விடத் தயாராகிக் குடிப்பதைக் குறைக்கும் அதே வேளையில் வானம் பொழிகிறது. அதனால்தான் இங்கே வடிகாலைப் போல முக்கியமானது வேறில்லை. தரையில் நடுவதானால் மேட்டுப்பாங்கான இடம் வேண்டும். களிமண் நிலமானால் முக்கால் அடியாவது மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். தொட்டியில் வைப்பவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் அதை மழைச்சாரல் விழாத கூரையடிக்கு நகர்த்திவிடுவது நல்லது. செம்மண் ஒரு பங்கு, பெருமணலோ உடைத்த செங்கல் துண்டோ ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்தால் தண்ணீர் தேங்காது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு இந்த மரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேராக விழ வேண்டும். நிழலில் மரம் உயிரோடு இருக்கும், இலையும் விடும், ஆனால் பூக்காது. ‘ஐந்து வருஷமாச்சு, ஒரு பூ இல்லை’ என்று வருந்தும் வீடுகளில் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு மாமரமோ மாடிக் கட்டடமோ வெயிலை மறைத்துக்கொண்டிருக்கும். உப்புக்காற்றை ஓரளவு தாங்குவதால் கடற்கரை வீடுகளுக்கு இது ஏற்றது. கடுங்குளிரை மட்டும் தாங்காது; உறைபனி விழும் இடத்தில் நுனிகள் கருகிவிடும். எனவே ஊட்டியில் இதைத் திறந்தவெளியில் வளர்ப்பது கடினம்.

போத்து வைப்பதற்கு ஏற்ற காலம் மரம் மொட்டையாக நிற்கும் தை, மாசி. பச்சையான இளங்கிளை வேண்டாம். சாம்பல் நிறத்துக்கு மாறிய, ஒன்று ஒன்றரை அடி நீளமுள்ள முதிர்ந்த கிளையாகப் பார்த்து, கூர்மையான கத்தியால் ஒரே வெட்டாக எடுக்க வேண்டும். வடியும் பால் தோலில் எரிச்சல் தரும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். ஆகவே கையுறை நல்லது, குழந்தைகளைத் தள்ளி நிறுத்துவது அதைவிட நல்லது. இலை இருந்தால் கிள்ளிவிட வேண்டும். அதன்பிறகு பலரும் தவறவிடும் கட்டம்: உடனே நடக் கூடாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒன்றிரண்டு வாரம் சும்மா போட்டுவைக்க வேண்டும். வெட்டுவாய் காய்ந்து, காப்புத் திசு படர்ந்து மூடிக்கொள்ளும். மூடாத காயத்தோடு ஈரமண்ணில் இறக்கினால் பூஞ்சைக்கு வாசல் திறந்துவிட்டது போல.

காய்ந்த போத்தை மணல் கூடுதலாக உள்ள கலவையில் மூன்று நான்கு அங்குல ஆழத்தில் ஊன்றி, ஆடாதபடி ஒரு குச்சியோடு கட்டிவிட வேண்டும். நட்ட அன்று ஒருமுறை நனைத்தால் போதும். நுனியில் இலை விரியும் வரை மண் கொஞ்சம் வறண்டே இருக்கலாம். இங்கேதான் பொறுமை சோதிக்கப்படுகிறது. நுனியில் குருத்தோ பூவோ வந்ததும் ‘பிடித்துவிட்டது’ என்று எண்ணித் தண்ணீரை அதிகமாக்கிவிடுகிறார்கள். அந்தக் குருத்து தண்டிலிருந்த சேமிப்பில் வந்தது; வேர் இன்னும் வந்திருக்காது. வேர் இறங்க ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகலாம். வேர் வருமுன்னே பூங்கொத்து எட்டிப்பார்த்தால் அதைக் கிள்ளிவிடுவது போத்துக்கு நல்லது, மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும்.

வேர் பிடித்த பிறகு மரம் எப்படி வளரும் என்பதற்கும் ஒழுங்கான கணக்கு உண்டு. ஒரு கிளை நுனியில் பூங்கொத்து வந்துவிட்டால் அந்த நுனியின் வளர்ச்சி அதோடு முடிந்தது. கொத்துக்குச் சற்றுக் கீழேயுள்ள கணுக்களிலிருந்து இரண்டோ மூன்றோ புதுக்கிளைகள் சம அளவில் பிரியும். அவை வளர்ந்து, நுனியில் பூத்து, மறுபடியும் பிரியும். வெப்பமண்டல மரங்களின் கட்டமைப்பை வகைப்படுத்திய பிரான்சிஸ் அல்லே, ரூலோஃப் ஓல்டெமான் ஆகியோர் இந்த அமைப்புக்கு லேவென்பெர்க் மாதிரி என்று பெயர் வைத்தார்கள். நம் ஆமணக்கும் மரவள்ளியும் இதே முறையில்தான் கிளை பிரிக்கின்றன. மொட்டையாக நிற்கும் ஒரு முதிர்ந்த கள்ளிமந்தாரையை அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால், ஒவ்வொரு கிளைப்பிரிவும் முன்பு எப்போதோ பூத்த ஒரு கொத்தின் இடம் என்பது தெரியும். மரம் தன் பூத்த வரலாற்றை உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது.

கவாத்து செய்வதற்கான அறிவும் இதிலேயே அடங்கியிருக்கிறது. பூ நுனியில்தான் வரும். நுனிகள் பெருகினால் பூ பெருகும். ஒரு கிளையை வெட்டினால் அந்தக் கிளையின் அந்த ஆண்டுப் பூ போய்விடும், ஆனால் வெட்டிய இடத்தில் பல கிளைகள் வெடித்து, வரும் வருடங்களில் பூக்கும். ஆகவே ஆண்டுதோறும் எல்லாக் கிளைகளையும் ஒட்ட நறுக்கி ‘அழகுபடுத்தும்’ வேலை இந்த மரத்துக்குச் செய்யும் கொடுமை. மின்கம்பியைத் தொடும் கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, பட்ட கிளை ஆகியவற்றை மட்டும் குளிர்கால முடிவில் எடுத்தால் போதும். அரசு அலுவலக வளாகங்களில் மரத்தின் அடித்தண்டு வரை சிமென்ட் பூசி, சுற்றிலும் வெள்ளையடித்து வைத்திருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வேருக்குக் காற்று போகும் வழியையே அடைத்துவிட்டு, மரம் சாய்ந்துவிட்டது என்று பிறகு வருத்தப்படுவதில் பயனில்லை.

உரம் குறைவாகவே போதும். தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் அடி நீளத்துக்கு இலையும் வெளிறிய நெட்டைக் கிளையும் வரும், பூ பின்னுக்குப் போகும். பூக்க வேண்டுமென்று மணிச்சத்தை அள்ளிப் போடும் பழக்கமும் பல நாடுகளில் இருக்கிறது. அளவு மீறிய மணிச்சத்து இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துகளை வேர் எடுப்பதைத் தடுத்து இலையை மஞ்சளாக்கிவிடும். பங்குனியில் துளிர் வரும்போது மக்கிய தொழுவுரம் இரண்டு கை, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு, ஆடியில் இன்னொரு முறை. இலை உதிரும் காலத்தில் எதுவும் வேண்டாம்.

இனி மணம். பூவின் மணத்தைப் பகுத்துப் பார்த்த வேதியியலாளர்கள் அதில் கண்டவற்றில் சில நமக்கு வேறு இடங்களில் பழக்கமானவை. கொத்தமல்லி விதையின் வாசத்துக்குக் காரணமான லினலூல், ரோஜாவில் உள்ள பினைல் எத்தனால், ஜெரானியால், இவற்றோடு பென்சைல் சாலிசிலேட், பென்சைல் பென்சோவேட் என்ற கனமான சேர்மங்கள். இவற்றின் விகிதம் மரத்துக்கு மரம் மாறும். அதனால்தான் ஒன்று எலுமிச்சை போலவும், ஒன்று பழுத்த பழம் போலவும், இன்னொன்று சந்தனம் கலந்தது போலவும் தோன்றுகிறது. பகலைவிட இரவில் மணம் ஓங்கி வரும். யாருக்காக அந்த நேரத்தில் மணக்கிறது என்ற கேள்விக்கு விடை மறுபடியும் குவானகாஸ்தே காட்டில்தான் கிடைத்தது.

இருட்டியபின் பூத்தேடிப் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிகள் இருக்கின்றன. தேன்சிட்டைப் போலப் பூவின் முன்னே காற்றில் நின்றபடி நீண்ட உறிஞ்சுகுழலை உள்ளே விடும் பூச்சிகள் இவை. நந்தியாவட்டைச் செடியில் பெரிய பச்சைப் புழுவாக மேய்வது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றின் குழவிதான். வெளிறிய நிறம், நீண்ட குழல், இரவில் ஓங்கும் இனிய மணம் என்று கள்ளிமந்தாரைப் பூவில் உள்ள எல்லாமே இந்தப் பூச்சிகளுக்கான அழைப்பு. அழைப்பை ஏற்று வரும் பூச்சி குழலை அடிவரை நீட்டிப் பார்க்கிறது. அங்கே ஒன்றுமே இல்லை. கள்ளிமந்தாரைப் பூவில் தேன் கிடையாது.

வில்லியம் ஹேபர் என்ற உயிரியலாளர் 1984இல் ‘பயோட்ரோபிகா’ இதழில் எழுதிய ஆய்வு இதை விரிவாகச் சொன்னது. அதே காட்டில் தேன் தரும் வேறு இரவுப்பூக்கள் இருக்கின்றன. அவற்றைப் போன்ற தோற்றமும் மணமும் காட்டி, தேன் செலவே இல்லாமல், கள்ளிமந்தாரை பூச்சிகளை வரவழைக்கிறது. ஏமாந்த பூச்சி அந்த மரத்தில் அதிக நேரம் தங்காது, வேறிடம் போகும், போகுமிடத்தில் இன்னொரு கள்ளிமந்தாரையிடம் மறுபடியும் ஏமாறும். அதற்குள் மகரந்தம் ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஏமாற்றுக்கு விலையும் உண்டு. பூச்சிகள் கற்றுக்கொள்கின்றன, வருகை குறைகிறது, ஆயிரக்கணக்கில் பூத்தாலும் மிகச் சில பூக்களே காயாகின்றன. தாராளமாகவும் பல வாரம் தொடர்ந்தும் பூக்க இந்த மரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது.

பூவின் உள்ளமைப்பும் இந்த உறவுக்குப் பொருந்தியே இருக்கிறது. மகரந்தப் பைகளும் சூல்முடியும் குழலின் அடியாழத்தில் ஒளிந்திருக்கின்றன. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ளே போய்த் திரும்பும்போதுதான் பசையோடு மகரந்தம் அதில் ஒட்டும். தேனீக்குக்கூட அங்கே எட்டாது.

இனி, இந்தக் காட்டு மரம் நம் ஊர்ப் பள்ளி முற்றத்துக்கு வந்த வழி. ஐரோப்பியர் வருமுன்பே மெக்சிகோவின் அஸ்தெக் மக்கள் இதைத் தோட்டங்களில் வளர்த்தார்கள். 1552இல் அங்கே தொகுக்கப்பட்ட மூலிகைச் சுவடியிலும் இது இடம்பெற்றிருக்கிறது. மாயா மரபைச் சேர்ந்த லகாந்தோன் மக்களின் படைப்புக் கதையில் கடவுளரே இந்தப் பூவிலிருந்து பிறந்தவர்கள். 1565 முதல் 1815 வரை அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து இதைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுவந்தன. மாதக்கணக்கான கடற்பயணத்தில் விதையோ நாற்றோ பிழைப்பது அரிது. காய்ந்து கிடந்தாலும் உயிர் விடாத ஒரு கிளைக்கோ அது பெரிய சோதனையே அல்ல. ஆசியாவுக்கு வந்தபின் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு, கோயிலிலிருந்து கோயிலுக்குப் போத்துகளாகவே பரவியது. பாலியில் கோயில் வழிபாட்டுப் பூ. இலங்கையின் பௌத்த விகாரைகளில் தட்டு நிறைய அடுக்கி வைக்கும் அரலிய. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அடக்கத்தலங்களின் மரம். லாவோஸ், நிகராகுவா இரண்டுக்கும் தேசியப் பூ. ஹவாயில் வில்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் என்ற மருத்துவர் 1860இல் நட்டது. அங்கே சிங்கப்பூரிலிருந்து 1931இல் ஹாரோல்ட் லயன் ஒப்டூசாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்று ஹவாயின் மாலைகளில் இதுதான் முதன்மையான பூக்களில் ஒன்று.

போத்தாக வந்ததால் மரம் தன் ஊரின் பூச்சியையும் பூஞ்சையையும் விட்டுவிட்டு வந்தது. நூற்றாண்டுகள் அது பகையில்லாமல் வாழ்ந்தது. ஒரே மரத்தின் கிளைகளை ஒடித்து ஒடித்து நட்டதால் ஊர் ஊராக ஒரே மரபணு கொண்ட மரங்கள் பெருகின. பிறகு பழைய பகைவர்கள் ஒவ்வொருவராகக் கடல் கடந்து வந்து சேர்ந்தார்கள்.

அவர்களில் ஒன்று துருநோய். மழைக்காலம் தொடங்கியபின் இலையின் மேற்புறத்தில் மஞ்சள் புள்ளிகள் தெரியும். திருப்பிப் பார்த்தால் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி, தொட்டால் விரலில் ஒட்டும். கோலியோஸ்போரியம் புளூமேரியே என்ற இந்தப் பூஞ்சையை 1902இல் பிரெஞ்சுப் பூஞ்சையியலாளர் நர்சிஸ் பாத்துயார் விவரித்தார். 1991இல் ஹவாயில் கால் வைத்தது. இப்போது தமிழகத்திலும் ரூப்ரா மரங்களில் எளிதாகப் பார்க்கலாம். பொடி காற்றில் பறந்து பரவுகிறது, ஈரமான இலையில் முளைக்கிறது. மரம் இதனால் சாகாது. இலை முன்னதாகவே உதிரும், பலம் குறையும். வீட்டு மரத்துக்கு மருந்து தெளிப்பதைவிட விழுந்த இலைகளை அன்றன்று கூட்டி எரிக்கவோ புதைக்கவோ செய்வது பயன் தரும். குழாயை இலைமேல் பீய்ச்சாமல் அடியில் ஊற்றுவதும், மரங்களை நெருக்கி நடாமல் காற்று புக விடுவதும் பாதி வேலையைச் செய்துவிடும். குளிர்காலத்தில் மரம் முழுவதும் மொட்டையாவது இந்த வகையில் நல்லதே. பூஞ்சைக்கு இருக்க இடமில்லாமல் போகிறது.

இன்னொன்று பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா அதன் ஊர். அதாவது கள்ளிமந்தாரையின் ஊர்க்காரர். அறிவியல் பெயர் கிடைத்ததே 1992இல்தான். 2004இல் ஹவாயில் கள்ளிமந்தாரை, செம்பருத்தி, பப்பாளி மூன்றையும் வெள்ளைப் பஞ்சாக மூடியது. 2008இல் கோயம்புத்தூரில் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று மேற்குத் தமிழக விவசாயிகளைக் கண்ணீர் விட வைத்தது. மருந்தடித்துப் பார்த்தும் அடங்கவில்லை. 2010இல் அதன் இயற்கை எதிரிகளான ஒட்டுண்ணிக் குளவிகள் பியூர்டோ ரிகோவிலிருந்து பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டு, பெருக்கி வயல்களில் விடப்பட்டன. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதன் தொகையை வெகுவாகக் குறைத்துவிட்டது. இந்திய உயிரியல் பூச்சிக் கட்டுப்பாட்டு வரலாற்றில் மகத்தான வெற்றி அது. ஆகவே கள்ளிமந்தாரையின் குருத்தில் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு தெரிந்ததும் கடும் மருந்துக்கு ஓடக் கூடாது. மருந்து முதலில் கொல்வது குளவியை. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, இலை உலர்ந்தபின் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்புகள் குளவிகளை விரட்டிக் காவல் காக்கும்.

இந்தப் பக்கம் வராத பழைய ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. கரிபியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் சூடோஸ்ஃபிங்ஸ் டெட்ரியோ என்ற அந்துப்பூச்சியின் புழு கள்ளிமந்தாரை இலையை வெறியோடு தின்னும். கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை, சிவந்த தலை, கையளவு நீளம். சில நாளில் ஒரு மரத்தை மொட்டையடித்துவிடும். தொட்டால் உடம்பை வெட்டி வெட்டி அசைக்கும். இந்த நிறமும் அசைவும் அந்தக் காட்டின் நச்சுப் பவளப்பாம்பைப் போலிருப்பதால் பறவைகள் அஞ்சி விலகலாம் என்று சூழலியலாளர் டேனியல் ஜான்சன் 1980இல் எழுதினார். அவர் அதைக் கவனித்ததும் அதே குவானகாஸ்தே காடுகளில்தான்.

கடைசியாக, விதை. அந்துப்பூச்சிகள் இங்கே அதிகம் உதவாததால் நம் மரங்களில் காய் பார்ப்பது அபூர்வம். காய்த்தால் எருமைக்கொம்பு போல எதிரெதிராக இரண்டு நீண்ட காய்கள் வரும். முற்ற எட்டு ஒன்பது மாதம் ஆகும். ஹவாயின் காவாய் தீவில் கரும்புத் தோட்ட மேலாளராக இருந்த வில்லியம் மொரேன், பூவைக் கீறி உள்ளே ஒளிந்திருக்கும் உறுப்புகளை வெளிப்படுத்திக் கையாலேயே மகரந்தம் சேர்க்கும் முறையை 1953இல் கண்டுகொண்டார். கள்ளிமந்தாரையில் திட்டமிட்டு உருவாக்கிய முதல் கலப்பு வகைகள் அவருடையவை. அவற்றுக்குத் தன் குடும்பத்துப் பெண்களின் பெயரைச் சூட்டினார். இன்று தாய்லாந்து நாற்றுப்பண்ணைகளிலிருந்து ஒட்டுக்கட்டி வரும் பல நிறச் செடிகளுக்கு இந்த முறைதான் தொடக்கம்.

பொறுமையுள்ளவர்கள் வீட்டிலேயே முயலலாம். தூண்டில் நரம்பு போன்ற மெல்லிய இழையை அந்துப்பூச்சியின் உறிஞ்சுகுழலுக்குப் பதிலாக ஒரு பூவின் குழலில் அடிவரை விட்டு இழுத்து, வேறு நிறமுள்ள இன்னொரு மரத்துப் பூவில் அதேபோல் விட வேண்டும். நூறு பூவில் செய்தால் ஒன்று பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். காய் பிடித்துவிட்டால் பழுப்பாகும் தருணத்தில் மெல்லிய துணிப்பையைக் கட்டிவிட வேண்டும். வெடித்ததும் இறக்கை வைத்த விதைகள் காற்றில் பறந்துவிடும். விதையின் தடித்த முனை மண்ணுக்குள்ளும் இறக்கை மேலேயும் இருக்கும்படி மணல் கலவையில் செருகி, லேசான ஈரத்தில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். நாற்றுகள் தாய்மரத்தைப் போல இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே காயின் விதைகளில் ஒன்று வெள்ளையாகவும் ஒன்று சிவப்பாகவும், மணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமலும் பூக்கலாம். எனவே ஒவ்வொரு தொட்டியிலும் பெற்ற மரங்களின் பெயரையும் விதைத்த தேதியையும் எழுதி வைப்பது அவசியம். முதல் பூவுக்கு மூன்று ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். முதல் ஐப்பசி மழையில் நாற்றுகளை நனைய விடாமல் உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.